வாசல் மரத்தில் தேனீக் கூட்டம்: உயிரோடு பிடித்துப்போக ஆளை எப்படித் தேடுவது?

மாடித்தோட்டம்
வணக்கம். நேற்று மத்தியானம் எங்கிருந்தோ ஒரு தேனீப் படை வந்து வாசல் மரத்தைச் சுற்றியது. கொஞ்ச நேரம் வானமே இரைந்தது. அப்புறம் சத்தம் அடங்கி, எல்லாம் ஒரே கிளையில் கொத்தாக ஒட்டிக்கொண்டன. ஸ்டூல் போட்டால் கைக்கு எட்டும் உயரம். இன்று காலையிலும் அப்படியே தொங்குகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் தீப்பந்தம் கட்டிக்கொண்டு தயாராக இருக்கிறார். பூச்சிமருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்றைக் கேட்டால், "ஐந்து நிமிட வேலை, அடித்துப் பெருக்கித் தள்ளிவிடுவோம்" என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனமில்லை. ஆனால் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் நடக்கச் சிரமப்படும் மாமியாரும் இருக்கிறார்கள், சும்மாவும் விட முடியாது. தேனீ வளர்ப்பவர்கள் வந்து பெட்டியில் பிடித்துப் போவார்கள் என்று கேள்வி. அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? வருபவர் விஷயம் தெரிந்தவர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

சும்மா ஒருவன்
விட்டுவிடுங்கள், தானே போய்விடும். எங்கள் அலுவலக வளாகத்தில் ஒரு முறை வந்தது, மறுநாள் காணோம்.

தேன்பெட்டி
மேலே சொன்னது பாதி சரி. பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தள்ளி நின்று, கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கி, அந்தக் கொத்துக்குள் மெழுகு அடை தெரிகிறதா என்று பாருங்கள். அடையே இல்லாமல் தேனீமேல் தேனீயாகத் தொங்கினால் அது பிரிந்து வந்த கூட்டம், வழியில் தங்கியிருக்கிறது. அடை தெரிந்தால் குடியேறிவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் கூப்பிட வேண்டிய ஆள் வேறு, அவசரமும் வேறு.

பிரிந்த கூட்டம் என்றால் இப்படி. ஒரு கூட்டில் இடம் போதாமல் போகும்போது பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பழைய இடம் புது ராணிக்கு. புறப்படும் முன் ஒவ்வொன்றும் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்ளும். காப்பாற்றப் புழுவும் இல்லை, தேனடையும் இல்லை என்பதால் அந்த நேரத்தில் கொட்டும் வேகம் குறைவு. அடியோடு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மழையில் நனைந்து, குடித்த தேன் தீர்ந்து, பட்டினியாகத் தொங்கும் கூட்டத்துக்கு மூக்கின் மேல் கோபம் இருக்கும்.

வளர்ப்பவரைக் கூப்பிடும்போது அவர் கேட்கப்போவது: தெளிவான படம், உயரம், எப்போது வந்தது, அடை இருக்கிறதா, ஏணி வைக்கத் தரை சமமா, கீழே மின்கம்பி ஓடுகிறதா. இதையெல்லாம் முதல் அழைப்பிலேயே சொன்னால் பாதிப் பேர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். "ஒரே தேனீயா இருக்கு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் எனக்கே கிளம்பத் தயக்கம்தான். முக்கியமானது இன்னொன்று: யாராவது மருந்து அடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து பட்ட கூட்டத்தைக் கொண்டுபோய் என் மற்றப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆள் வரும் வரை அந்த வாசலை விட்டு வேறு வழியில் போய்வாருங்கள். மரத்தடியில் வண்டி எஞ்சினை உறுமவிடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சுவது, புகை போடுவது, கல் எறிவது எதுவும் வேண்டாம். அந்தத் தீப்பந்தத்தையும் எப்படியாவது வாங்கி வைத்துவிடுங்கள்.

மாடித்தோட்டம்
ரொம்ப நன்றி அண்ணா. படம் எடுத்துப் பார்த்தேன், அடை எதுவும் தெரியவில்லை. ஆனால் கொத்தின் மேலே சில தேனீக்கள் மட்டும் ஏதோ பைத்தியம் பிடித்தது போல ஆடிக்கொண்டே ஓடுகின்றன. நோயா?

கூர்நோக்கு
நோய் இல்லை, தேர்தல் பிரசாரம்!

ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். வயிற்றை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு ஒரு நேர்க்கோட்டில் ஓடும், வளைந்து பழைய இடத்துக்கு வரும், மறுபடி அதே கோட்டில் ஓடும். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டுக்குள் சொல்லும் அதே நடனம். அதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளியே தொங்கும் கூட்டத்தின் மேலும் அதே நடனம் நடப்பதைக் கவனித்தவர் அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர். போர் முடிந்து இடிபாடாகக் கிடந்த மியூனிக்கில், ஆடும் தேனீக்களின் மேல் மகரந்தத்துக்குப் பதிலாகப் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பூவுக்குப் போனவை அல்ல, வீடு பார்க்கப் போனவை என்று அதிலிருந்து பிடித்தார்.

கூட்டத்தில் சில நூறு தேனீக்கள்தான் இப்படி இடம் தேடிப் போகும். வெவ்வேறு இடங்களுக்கு ஆடத் தொடங்கி, கடைசியில் எல்லாம் ஒரே திசைக்கு ஆடும்போது கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிடும். சில மணி நேரத்தில் முடிந்தாலும் முடியும், சில நாள் இழுத்தாலும் இழுக்கும். சும்மா ஒருவன் பார்த்த கூட்டம் அப்படித்தான் போயிருக்கும்.

எந்த மாதிரி வீடு பிடிக்கும் என்று தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி சோதித்தார். அதற்காக அமெரிக்காவின் மேன் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள ஆப்பிள்டோர் தீவுக்குக் கூட்டங்களைக் கொண்டுபோனார். அங்கே பொந்துள்ள பெரிய மரங்களே கிடையாது, அவர் வைத்த பெட்டிகளை விட்டால் தேனீக்களுக்கு வேறு வழியில்லை. 15 லிட்டர் பெட்டியை விட்டுவிட்டு 40 லிட்டர் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டன. அது ஐரோப்பிய இனம். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் நம் ஊர் அடுக்குத் தேனீக்கு இதைவிடச் சின்னப் பொந்தே போதும்.

மாடித்தோட்டம்
சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. தேடிப் பார்த்து என் வீட்டையே தேர்ந்தெடுத்துவிட்டால்?

தேன்பெட்டி
அதனால்தான் "தானே போய்விடும்" என்பதைப் பாதி சரி என்றேன். போகும், எங்கே போகும் என்பதுதான் கேள்வி. கூரை இடுக்கு, ஏசி குழாய் நுழையும் ஓட்டை, மூடியில்லாத மீட்டர் பெட்டி, பயன்படுத்தாத புகைபோக்கி எல்லாம் அவற்றின் கண்ணுக்கு நல்ல வீடுதான். இன்றே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது ஓர் ஓட்டையில் பத்து இருபது தேனீ மொய்த்து, உள்ளே போய், வெளியே வந்து, சுவரை முகர்ந்துகொண்டிருந்தால் அந்த இடம் பட்டியலில் இருக்கிறது. இருட்டியதும் உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலையை வைத்து அடைத்துவிடுங்கள்.

ஏணிப்படி
ஆள் தேடும் கதைக்கு வருகிறேன், போன பருவத்தில் அலைந்தவன் நான்.

இணையத்தில் "தேனீ அகற்ற" என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் மருந்தடிக்கும் ஆட்கள். "உயிரோடு எடுப்போம்" என்று விளம்பரத்தில் இருக்கும். எடுத்து எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டால் சத்தமில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

தீயணைப்பு நிலையத்தில், உயிருக்கு ஆபத்து என்றால்தான் வண்டி வரும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் தொலைபேசியில் பேசியவரே, தாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் ஒரு வளர்ப்பவரைச் சொன்னார். அவருக்கு அன்று வர முடியவில்லை, அவர் இன்னொருவரைச் சொன்னார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒருவரைப் பிடித்தால் சங்கிலியாகப் போய்விடலாம். வேளாண்மை அலுவலகத்திலும் வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையிலும் கேட்கலாம், தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வந்துபோனவர்களின் விவரம் அவர்களிடம் இருக்கும். வளர்ப்போர் சங்கம் இருக்கும் ஊரில், கூட்டம் பிடிக்க வருபவர்கள் யார் என்று சங்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

எனக்குக் கடைசியில் வேலைக்கு ஆனது வேறு வழி. சொந்தப் பெட்டித் தேன் விற்பவரிடம் போய்க் கேட்டேன். வாங்கி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, தானே வளர்த்து விற்பவராக இருக்க வேண்டும். தேனீப் பெட்டியும் அதற்குள் அடை கட்ட வைக்கும் மரச்சட்டமும் விற்கும் கடைக்காரரும் நல்ல வழி, வாடிக்கையாளர் எல்லோரும் வளர்ப்பவர்கள்தானே.

வெயில்காரன்
ஒரு சந்தேகம். வளர்ப்பவருக்குத் தேனீ இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம் எதற்கு நம்மிடம் காசு கேட்கிறார்கள்? ஒரு பெட்டித் தேனீயைக் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்?

தேன்பெட்டி
இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கைக்கு எட்டும் கிளையில் தொங்கும் கூட்டம் என்றால், பக்கத்தில் இருப்பவர் சும்மாவே வந்து எடுத்துப் போவார், நானும் போயிருக்கிறேன். ஆனால் இலவசம் என்கிறீர்களே, கணக்கைப் பாருங்கள். பெட்டியோடு வந்து, கூட்டத்தை இறக்கி, வெளியே சுற்றப் போனவை திரும்பும் வரை, அதாவது இருட்டும் வரை, அங்கேயே காத்திருக்க வேண்டும். பகலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பாதி உங்கள் வாசலிலேயே நின்றுவிடும். எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று தெரியாது, உண்ணி இருக்கலாம், நோய் இருக்கலாம், தனியாக வைத்துப் பார்த்துத்தான் மற்றவற்றோடு சேர்க்க முடியும். ராணி பழசு. அடுக்குத் தேனீயாக இருந்தால் மறுநாளே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்தாலும் பறந்துவிடும். இத்தனையும் தாண்டி நிலைத்தால்தான் லாபம்.

சுவருக்குள் இருப்பதை எடுப்பது முழுக்க வேறு வேலை. அதற்குக் கூலி கேட்பதுதான் முறை.

வெயில்காரன்
சரி, காத்திருப்பது எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எவ்வளவு என்று வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மரத்தடியில் நின்றுகொண்டு பேரம் பேசுவது நன்றாக இல்லை.

ஏணிப்படி
அதில் நான் வெயில்காரன் பக்கம். எரிபொருள் செலவா, கூலியா, கூட்டம் கிடைத்தால் கழிவா, முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பழையவீடு
சுவர் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் இதற்கு முன் குடியிருந்தவர்கள் சுவருக்குள் இருந்த கூட்டை மருந்தடித்துக் கொன்று, ஓட்டையைச் சிமென்ட்டால் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். வெயில் ஏறியதும் சுவரில் பழுப்பாக ஒரு கறை இறங்கியது. தொட்டால் பிசுபிசுப்பு. அப்புறம் எறும்பு வரிசை, அதன் பிறகு வாயால் சொல்ல முடியாத நாற்றம். உள்ளே புழுவெல்லாம் செத்து அழுகியிருக்கிறது.

விசிறிக் குளிர்வித்து அடையைத் தாங்கிக்கொண்டிருப்பதே தேனீக்கள்தான். அவை செத்தால் வெயிலில் அடை இளகிச் சரிந்து தேன் வழியும் என்று அப்புறம்தான் ஒருவர் விளக்கினார். பூச்சை உடைத்து அடையைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சும்மா மூடி வைத்தாலும் பழைய மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டம் அதே ஓட்டைக்கு வருமாம்.

தேன்பெட்டி
வரும். காலிப் பெட்டிக்குக் கூட்டம் பிடிக்க நாங்களே பழைய அடைத்துண்டைத்தான் உள்ளே வைக்கிறோம்.

சுவர் வேலைக்கு வருபவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அடையையும் சேர்த்து எடுப்பாரா, காலியான இடத்தை எதைக் கொண்டு நிரப்புவார், உடைத்த சுவரைப் பூசுவது யார் பொறுப்பு. மூன்றாவதில்தான் சண்டை வரும். சுவரை உடைக்கவே முடியாத இடத்தில், வெளியே வர மட்டும் வழிவிட்டு உள்ளே திரும்ப விடாத கூம்பு வலையை வாசலில் மாட்டிப் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்போம். வாரக்கணக்கில் ஆகும், ராணி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும், அடையும் உள்ளேதான் இருக்கும். எனக்கு அந்த முறையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஏழாம்மாடி
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரே ஒரு பெரிய அடை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், கறுப்பாக அப்பியிருக்கிறது. பக்கத்தில் பருந்து போனால் மேற்பரப்பில் அலை அலையாக ஒரு மினுக்கம் ஓடுகிறது. இதையும் வளர்ப்பவர் எடுப்பாரா? ராத்திரியில் பால்கனி விளக்குக்கு வேறு வந்து விழுகின்றன.

தேன்பெட்டி
ஐயா, அது மலைத்தேனீ. நான் வர மாட்டேன், பெட்டி வைத்திருக்கும் யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டும் இனம் அது, பெட்டிக்குள் அடங்காது. அந்த அலை எச்சரிக்கை, வயிற்றை வரிசையாகத் தூக்கிக் காட்டுகின்றன. அதற்கு மேல் போனால் கூட்டமாக வந்து கொட்டும், வெகுதூரம் துரத்தும்.

நல்ல செய்தி, அவை நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்ததும் அடையை விட்டுவிட்டு வேறிடம் போய்விடும். யாருக்கும் தொந்தரவில்லாத உயரத்தில் இருந்தால் அது வரை பொறுப்பதே மேல். ராத்திரியில் பால்கனி விளக்கை அணையுங்கள், திரைச்சீலையை இழுத்து விடுங்கள். தொட்டிக்குப் போகும் படியைப் பூட்டி எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். தொட்டி கழுவ வருபவருக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள், இப்படிப்பட்ட விபத்தில் பெரும்பாலும் மாட்டுவது விவரம் தெரியாமல் மேலே ஏறும் தொழிலாளிதான். எடுத்தே ஆக வேண்டும் என்றால், கயிறு கட்டி மலைத்தேன் எடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள், அல்லது தீயணைப்புத் துறை. தொட்டிக்கு அடியில் தீ மட்டும் வேண்டாம்.

பூச்செடிக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. சாதுவானது. வழியில் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

கூர்நோக்கு
இன்னொன்று: முதலில் அது தேனீதானா என்று பார்க்க வேண்டும். காகிதம் போன்ற சாம்பல் நிறக் கூடு, இடுப்பு மெலிந்து பளபளக்கும் உடம்பு என்றால் குளவியோ கதண்டோ. கதண்டுக்குத் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டு அவர் ஏணியில் பாதி ஏறிய பிறகு திட்டு வாங்கியவர்களைத் தெரியும்.

நிழல்
கொட்டு வாங்கினால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே?

ஏணிப்படி
முதலில் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும். கொட்டிய கொடுக்கிலிருந்து ஒரு வாசனை கிளம்பும், பழுத்த வாழைப்பழ மணம் மாதிரி, அது மற்றத் தேனீக்களையும் அங்கேயே வரவழைக்கும். கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். நகத்தால் வழித்து எடுக்கணுமா, கிள்ளி எடுக்கணுமா என்று முன்பெல்லாம் பெரிய விவாதம் நடக்கும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று 1996 இல் வந்த ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும், ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும், நேராக மருத்துவமனை. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் காட்டிவிடுவது நல்லது.

மாடித்தோட்டம்
எல்லோருக்கும் நன்றி. எடுத்தாயிற்று!

ஏணிப்படி சொன்னபடி சொந்தப் பெட்டித் தேன் விற்பவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஊரில் இல்லை, ஆனால் தன்னிடம் தொழில் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தார். படம் அனுப்பியதும் கேட்ட முதல் கேள்வி, "மருந்து அடித்தீர்களா?" அப்போதே ஆள் சரி என்று தெரிந்துவிட்டது.

மாலை வெயில் தாழ வந்தார். முகவலை, புகைப்பான், ஒரு பெட்டி, பழைய வெள்ளைத் துணி, அவ்வளவுதான். துணியைத் தரையில் விரித்து, பெட்டியைக் கிளைக்கு நேர்கீழே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கிளையை ஒரே உலுக்கு. சொத்தென்று மொத்தமும் உள்ளே விழுந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டியைத் துணிமேல் இறக்கி, வாசல் வைத்த பக்கத்தை எனக்குக் காட்டினார். ஐந்தாறு தேனீக்கள் வாசலில் நின்று, தலையைக் குனிந்து, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கி, இறக்கையை விசிறிக்கொண்டிருந்தன. "வா வா என்று கூப்பிடுகின்றன. இப்படி விசிறினால் ராணி உள்ளே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்" என்றார். துணியில் சிதறியவையெல்லாம் திரும்பி வரிசையாக வாசலை நோக்கி நடந்தன, பறக்கக்கூட இல்லை! இருட்டியதும் வாசலை வலையால் மூடித் தூக்கிப் போய்விட்டார். பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு கேள்வி மிச்சம். இன்று காலை அதே கிளையில் இருபது முப்பது தேனீக்கள் மறுபடி சுற்றுகின்றன. ராணி தப்பிவிட்டதா?

தேன்பெட்டி
பெரும்பாலும் இல்லை. இடம் பார்க்கப் போய், வெளியிலேயே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் திரும்பியவையாக இருக்கும். கிளையில் கூட்டத்தின் வாசனை ஒட்டியிருப்பதால் அங்கேயே சுற்றும். சிறுசிறு வெள்ளைத் திட்டாக மெழுகும் ஒட்டியிருக்கலாம். அந்தி சாய்ந்த பிறகு ஈரத்துணியால் கிளையை அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் குறைந்து நின்றுவிடும். குறையாமல் கைப்பிடி அளவுக்குக் கொத்தாகக் கட்டினால் மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒரு படம் அனுப்புங்கள். ராணி பெட்டிக்குள் இருக்கிறதா என்று அவர் அங்கே திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.